மீன் பெட்டியில் போன நோட்டீஸ்கள்

புழு ஏன் அங்கே நின்றது என்பதுதான் இசக்கிச்செல்வி அந்த நூலகத்தில் கேட்ட முதல் கேள்வி.

வேதியியலில் பட்டம் வாங்கிவிட்டு, போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று பேட்டையில் வீட்டோடு இருந்த காலம் அது. தாமிரபரணிக் கரையில் வண்ணாரப்பேட்டையில் ஐயம்பெருமாள் நினைவு நூலகத்தில் பழைய தாள்களை ஸ்கேன் எடுக்க மூன்று மாதத்துக்கு ஆள் வேண்டும் என்று கூடப் படித்தவள் ஒருத்தி சொன்னாள். வீட்டில் சும்மா இருப்பதற்கு இது மேல் என்று போனாள்.

ஐயம்பெருமாள் அச்சகம் நடத்தியவர். தன் அச்சகத்தில் அடித்த ஒவ்வொரு நோட்டீஸிலும் ஒரு பிரதியை எடுத்துக் கட்டி வைக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. சுடலைமாடன் கோயில் கொடை, சர்ச் அசன விருந்து, தர்கா கந்தூரி விழா, நாடகம், கருமாதி, தேர்தல், காணாமல் போன பசு, எலும்பு முறிவு வைத்தியம் என்று ஆற்றின் இரு கரையிலும் யார் எதற்கு நோட்டீஸ் அடித்தாலும் அதில் ஒன்று அவர் பரணில் ஏறிவிடும். போதாததற்கு மற்ற அச்சகங்களிலும் கேட்டு வாங்கி வைத்தார். அவர் காலமான பிறகு குடும்பத்தார் வீட்டையே நூலகமாக்கி, ஓர் அறக்கட்டளையும் ஏற்படுத்தினார்கள். நூலகராக கெசியா வந்தார். பாளையங்கோட்டைக்காரர், நாற்பது வயதுக்காரர். எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும், சீக்கிரமாகவும் செய்ய வேண்டும் என்பவர்.

செல்வி பிரித்த ஏதோ ஒரு கட்டில், மேல் தாளிலிருந்து வட்டமாக ஓர் ஓட்டை இறங்கியது. புழு தின்ற வழி. தாள் தாளாக எடுத்துக்கொண்டே போனாள். ஓட்டையும் கூடவே வந்தது. திடீரென்று ஒரு சினிமா நோட்டீஸில் நின்றுவிட்டது. அந்தத் தாளில் லேசாகச் சுரண்டிய அடையாளம் மட்டும் இருந்தது. அதற்குக் கீழே எல்லாத் தாளும் முழுசு.

"மேடம், இது ஏன் இங்கன நின்னுட்டு?"

"நின்னுட்டு, அவ்ளோதான். நீ ஸ்கேன் எடு" என்றார் கெசியா.

மறுநாள் காலையில் கெசியாவே அவள் மேசைக்கு வந்து, "ஏ செல்வி, அந்தப் புழுவை நேத்து சமைக்கும்போதுகூட நினைச்சுக்கிட்டு இருந்தேன். உனக்கு ஏதாவது தோணிச்சா?" என்று கேட்டார்.

தோன்றியிருந்தது. சினிமா நோட்டீஸ் மட்டும் வழவழப்பான தாள். அந்த வழவழப்புக்காகத் தாளின் மேல் ஒருவகை வெள்ளைக் களிமண் பூசுவார்கள் என்று அவள் படித்திருந்தாள். புழுவுக்கு மற்ற தாள் சோறு, இது மண். அதனால் விட்டிருக்கலாம். "இருக்கலாம்னுதான் சொல்லுதேன் மேடம். புழு வயித்துக்கடுப்பு வந்துகூடச் செத்திருக்கலாம்" என்றாள். கெசியா வாய்விட்டுச் சிரித்தார். அன்றிலிருந்து மேடம் போய் அக்கா ஆனார்.

மூன்று மாதம் முடிந்தபோது செல்விக்கு வேறு வேலை தேடும் எண்ணமே இல்லை. நூலக அறிவியல் படிக்க வேண்டும், அதிலும் பழைய ஆவணங்களைப் பாதுகாக்கும் பயிற்சி எடுக்க வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னாள்.

அவள் அப்பா சுடலையாண்டிக்குப் பேட்டை தொழிற்பேட்டையில் சிறிய லேத் பட்டறை. இரும்பைக் கடைந்து கொடுத்து மகளைப் படிக்க வைத்தவர்.

"ஏட்டி, பழைய பேப்பர்க்காரன் எந்த காலேஜ்ல படிச்சான்? சைக்கிள்ல வாரான், எடை போடுதான், எடுத்துட்டுப் போறான்லா?"

"அவன் அழிக்கதுக்கு எடுக்கான்பா. நான் வைக்கதுக்கு எடுக்கேன்."

"வச்சு?"

"தெரியலப்பா. அதைப் பாக்கத்தான் போறேன்" என்றாள்.

இந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பொய் சொல்லவில்லை என்பது பிடித்தது. அண்ணன்களைக் கட்டிய மதினிமார் முகத்தைச் சுளித்தார்கள். பெண் கேட்டு வரும் மாப்பிள்ளை வீட்டில் இந்தப் படிப்பை எப்படிச் சொல்வது என்று அம்மா கவலைப்பட்டாள். செல்வி படித்தாள். சென்னையில் தங்கி ஆவணப் பாதுகாப்புப் பயிற்சியும் முடித்தாள். பசை காய்ச்சவும், கிழிந்த தாளுக்கு மெல்லிய தாள் ஒட்டவும், பூஞ்சையை வாடையிலேயே கண்டுபிடிக்கவும் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினாள். அதே நூலகத்தில் ஒப்பந்தத்தில் சேர்ந்தாள். சம்பளம் குறைவு. அம்மாவின் கவலை அப்படியே இருந்தது.

2023 டிசம்பரில் அந்த மழை வந்தது.

வானம் பொத்துக்கொண்டு ஊற்றியதையும் தாமிரபரணி ஊருக்குள் வந்ததையும் இந்தப் பக்கத்து ஆட்கள் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நூலகத் தெருவில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. வடிந்த அன்று செல்வி சேற்றில் நடந்தே வந்து சேர்ந்தாள். கெசியா அவளுக்கு முன்பே வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். கதவு ஊறிப் பெருத்துத் திறக்க மறுத்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து தள்ளியதும் உள்ளேயிருந்து ஆற்று வாடை முகத்தில் அடித்தது.

மேல் தட்டுகளில் இருந்தவை தப்பித்திருந்தன. கீழே இருந்த கட்டுகள் எல்லாம் நீரைக் குடித்துப் பருத்து, ஒன்றோடொன்று அப்பி, நனைந்த செங்கல் போல ஆகியிருந்தன. கெசியா ஒரு கட்டைத் தூக்கினார். கனம் தாங்காமல் கை தாழ்ந்தது. அதைப் பைய கீழே வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

தெருவில் மெத்தைகள் கிடந்தன. ஜன்னல் கம்பிகளில் பிள்ளைகளின் மார்க் ஷீட்டும் வீட்டுப் பத்திரமும் துணி கிளிப்பில் தொங்கின. ஊரே வெயிலுக்காகக் காத்திருந்தது.

"வெயில் வந்ததும் மொட்டை மாடியில எல்லாத்தையும் காயப்போடுவோம்" என்றார் கெசியா.

"ஒரு தாள்னா காயும்கா. இது ஆயிரக்கணக்குல இருக்கு. ஒண்ணொண்ணா பிரிக்கணும். நாம முதல் கட்டைப் பிரிச்சு முடிக்கதுக்குள்ள மத்ததெல்லாம் பூஞ்சை பிடிச்சிரும். பிரிக்காம வெயில்ல போட்டா அப்பிக்கிட்டுப் பலகை மாதிரி ஆயிரும்."

"அப்ப என்ன செய்ய?"

செல்வி தயங்கினாள். "ஐஸ்ல வைக்கணும்."

"என்னது?"

"நனைஞ்ச தாளை அப்படியே உறைய வச்சிட்டா பூஞ்சை வளராது. மை மேற்கொண்டு ஓடாது. எத்தனை மாசம் ஆனாலும் அப்படியே இருக்கும். நமக்கு எப்ப முடியுமோ அப்ப கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக் காயவச்சிக்கிடலாம்."

"ஏற்கெனவே நனைஞ்சதை ஐஸ்ல வைக்கவா? நீ இதைச் செஞ்சு பாத்திருக்கியா?"

"இல்லக்கா."

"யாராவது செஞ்சு நீ பாத்திருக்கியா?"

"படம் பாத்திருக்கேன்."

சென்னையில் ஒரு மதிய வகுப்பில், பாதிப் பேர் தூங்கி வழிந்த நேரத்தில், வெளிநாட்டு வெள்ளம் ஒன்றைப் பற்றிய படங்களோடு சொன்ன பாடம் அது. சொன்ன ஆசிரியரும் செய்து பார்த்தவர் அல்ல. அதைச் செல்வி மறைக்கவில்லை. அறக்கட்டளைக்காரர்களைக் கேட்கலாம் என்றால் யார் போனும் எடுக்கவில்லை. அவரவர் வீட்டில் அவரவர் வெள்ளம்.

"சரி. கெட்டா ரெண்டு பேரும் சேந்து கெடுத்ததா இருக்கட்டும்" என்றார் கெசியா கடைசியில். "ஐஸ் எங்க இருக்கு?"

ஊரில் மின்சாரமே இல்லை. சிக்னல் கிடைத்ததும் செல்வி அப்பாவைக் கூப்பிட்டாள். அவர் பட்டறையிலும் தண்ணீர் ஏறி மோட்டார் மூழ்கியிருந்தது. அதைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தவர், மகள் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"பெரிய குளிர் ரூம் வேணும், அதானே? கூடங்குளத்துப் பக்கம் மீரான் பாய் வச்சிருக்காரு. அவரு கம்ப்ரஸருக்கு ஷாப்ட் கடைஞ்சு குடுத்தவன் நான்தான். கேட்டுப் பாக்கேன்."

சற்று நேரத்தில் அவரே திரும்ப அழைத்தார். "புயல் எச்சரிக்கையில மீன்பிடி போட்டு எதுவும் கடலுக்குப் போகலையாம். ஜெனரேட்டர் ஓடுதாம், ரூம் பாதி காலியாத்தான் கெடக்காம். கொண்டாரச் சொல்லுதாரு. என்ன சரக்குன்னு கேட்டாரு. பேப்பர்னேன். பேப்பரான்னு ரெண்டு தடவை கேட்டாரு."

கட்டுகளைப் பிரிக்காமல் மேல் சேற்றை மட்டும் நல்ல தண்ணீரில் அலசினார்கள். ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் தாளில் சுற்றினார்கள். சுடலையாண்டி எங்கிருந்தோ ஒரு லோடு ஆட்டோ பிடித்து வந்தார். மழையில் பிய்ந்த சாலைகளைச் சுற்றிக்கொண்டு அவர்கள் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது.

அகமது மீரானுக்கு அறுபது வயதிருக்கும். இடுப்பில் வெள்ளைச் சாரம், மேலே கம்பளி ஸ்வெட்டர். குளிர் அறைக்கு உள்ளும் வெளியுமாக நடப்பவர் என்பதால் அந்த ஊரிலேயே ஸ்வெட்டர் வைத்திருந்த ஒரே மனிதர். ஆட்டோவின் படுதாவைத் தூக்கிப் பார்த்தார்.

"சுடலை அண்ணாச்சி, பேப்பர்னா ஏதோ பத்திரம், பாஸ்போர்ட்டுன்னு நெனச்சேன். இது என்ன?"

"நோட்டீஸ், பாய்" என்றாள் செல்வி. "கொடை, கல்யாணம், நாடகம். எல்லாம் பழசு."

"முடிஞ்சு போன கல்யாணத்துக்கு இன்னும் நோட்டீஸை வச்சிருக்கியளா?"

"ஆமா."

"ஏன்?"

இந்த முறை அவளிடம் ஒரு பதில் இருந்தது. "அந்தக் காலத்துல எந்த ஊர்ல என்ன நடந்துச்சுன்னு புத்தகம் எழுதுனவங்க பெரிய விஷயத்தைத்தான் எழுதுனாங்க. ஒரு பசு தொலைஞ்சதை யாரு எழுதுவா? அது நோட்டீஸ்லதான் இருக்கு."

மீரான் படுதாவைக் கீழே விட்டார். "மீன் வாடை ஏறிருமே, புள்ள?"

"ஏறட்டும் பாய்."

"சரி. ஆனா ஒண்ணு. போட்டு கடலுக்குப் போயி கணவாயும் இறாலும் வந்துட்டா எனக்கு இடம் வேணும். அப்ப எடுத்துரணும். பாதியை எடுத்தாலும் போதும்."

கட்டுகளை மீன் பெட்டிகளில் அடுக்கினார்கள். குளிர் அறைக்குள் பெட்டிகள் போகப் போக, சுவாசம் புகையாக வந்தது. சுடலையாண்டி தான் கடைந்து கொடுத்த ஷாப்ட் ஓடும் சத்தத்தைக் காதைக் கொடுத்துக் கேட்டு, சரியாக இருக்கிறது என்பதுபோல் தலையாட்டினார். கதவைச் சாத்தும்போது மீரான், "இன்ஷா அல்லா, நல்லபடியா இருக்கும்" என்றார். செல்விக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. திரும்பும் வழியெல்லாம், உறையும் நீர் விரியுமே, தாளின் நாரைக் கிழித்துவிடுமோ என்ற எண்ணமே ஓடியது.

நூலகத்தின் மாடி அறையைக் கழுவி, கயிறு கட்டி, மின்விசிறிகளை வைத்துத் தயார் செய்ய நாளானது. போட்டுகள் கடலுக்குக் கிளம்பப் போகின்றன என்று மீரான் சொல்லி அனுப்பியதும் முதல் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். கெட்டுப்போனாலும் மனம் ஆறும் என்று கருதி, டியூட்டோரியல் காலேஜ் விளம்பரங்களே அதிகமாக இருந்த கட்டு ஒன்றைச் சோதனைக்கு எடுத்தாள் செல்வி.

கட்டு கல் போல இருந்தது. மெதுவாக இளக விட்டார்கள். பனி உருகியதும் அவள் தாள் பிரிக்கும் எலும்புக் கத்தியின் தட்டை முனையை முதல் தாளுக்கும் இரண்டாம் தாளுக்கும் நடுவில் நுழைத்தாள். கெசியா குனிந்து கட்டின் மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். தாள் எழும்பியது. ஓரம் கிழியாமல், முனகலாக ஒரு சத்தத்தோடு பிரிந்து வந்தது. 'எஸ்.எஸ்.எல்.சி.யில் தவறியவர்களுக்கு அரிய வாய்ப்பு' என்ற எழுத்து கரையாமல், நேற்று அடித்ததுபோல் கறுப்பாக இருந்தது.

"வந்துட்டு!" என்று கத்தினார் கெசியா.

அடுத்த தாளும் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. அச்சு மை எண்ணெயில் குழைத்த மை. தண்ணீர் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. மலிவான வண்ணத் தாள்கள்தான் சாயத்தை விட்டிருந்தன. ரோஸ் நிறக் கல்யாண நோட்டீஸ்கள் தம் பக்கத்திலிருந்த கருமாதி நோட்டீஸ்களையும் ரோஸ் ஆக்கிவிட்டன. அதைப் பார்த்து இருவரும் சிரித்தார்கள்.

ஆனால் கட்டின் பாதியில் ஒரு தாளைத் திருப்பியதும் செல்வியின் சிரிப்பு நின்றது. ஒவ்வொரு நோட்டீஸின் பின்புறத்திலும் ஐயம்பெருமாள் தன் பேனாவால் ஒரு வரி எழுதி வைப்பார். அடிக்கச் சொன்னவர் யார், எந்த ஊர், எந்த வருஷம், எத்தனை பிரதி. பேனா மை நீரில் குழைத்த மை. ஆறு வந்த முதல் நாளே அதைக் கரைத்துக் கொண்டுபோயிருந்தது. நீல நிறத்தில் ஒரு கறை மட்டும் இருந்தது. இந்தக் கட்டுகளை இன்னும் ஸ்கேன் எடுத்திருக்கவில்லை. நோட்டீஸ்கள் இருந்தன, அவை எந்த வருஷத்தவை என்று சொல்ல இனி யாரும் இல்லை.

அன்று அவள் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். கெசியா தேற்றவில்லை. கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, தாள்களைக் கயிற்றில் போட எழுந்து போனார்.

பிரித்துக் காயவைக்கும் வேலை அடுத்த கோடை வரை நீண்டது. அந்த மாதங்களில் செல்விக்கு ஒரு பழக்கம் வந்தது. காய்ந்த நோட்டீஸ்களைப் படிப்பதோடு நில்லாமல் எழுத்துகளின் உருவத்தையும் பார்க்கத் தொடங்கினாள். ஒரு கொடை நோட்டீஸில் 'ழ'வின் வால் உடைந்திருந்தது. ஒரு நாடக நோட்டீஸிலும் அதே 'ழ' உடைந்திருந்தது. அதே அச்சகத்தில் அடித்த, தேதி அச்சான தேர்தல் நோட்டீஸ் ஒன்றில் 'ழ' முழுசாக இருந்தது. அப்படியானால் கொடையும் நாடகமும் தேர்தலுக்குப் பிறகு. ஈய எழுத்து தேயும், உடையும், ஒருநாள் புதுசு வாங்குவார்கள். எழுத்துக்கும் ஒரு வயது உண்டு. பூதக்கண்ணாடியோடு அவள் நாள் முழுக்கக் குனிந்திருப்பதைப் பார்த்து, "ஜாதகம் பாக்கியா?" என்று கேட்பார் கெசியா. கரைந்துபோன வருஷங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சில திரும்பி வந்தன. எல்லாம் வரவில்லை. அவை வராது என்பதையும் அவள் ஏற்றுக்கொண்டாள்.

மீன் வாடை மட்டும் போகவில்லை. படிக்க வந்த ஆராய்ச்சி மாணவி ஒருத்தி மூக்கைச் சுளித்துக்கொண்டு, "இங்கன யாரும் சாளை மீன் பொரிக்காங்களா?" என்று கேட்டாள்.

மழைக்குப் பிறகு வந்த கோடையின் முடிவில் மீரான் நூலகத்துக்கு வந்தார். தன் அறையில் தூங்கிய சரக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க வந்ததாகச் சொன்னார். உலர்ந்து, நிமிர்ந்து, அட்டைப் பெட்டிகளில் அடுக்கியிருந்த நோட்டீஸ்களைக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"எங்க வாப்பா ஒரு கதை சொல்லுவாரு, புள்ள. எங்க ஊருக்கு சர்க்கஸ் வந்துச்சாம். அந்த சர்க்கஸ் யானை குளிக்கக் கடலுக்குள்ள எறங்குனது வெளிய வரமாட்டேன்னு நின்னுட்டாம். ஊரே கூடி வெல்லத்தைக் காட்டிக் கூப்பிட்டாங்களாம். நான் சொன்னா வீட்டுல பேரப்பிள்ளைங்க நம்ப மாட்டேங்குது. அப்பிடி ஏதும் நோட்டீஸ் இருக்குமா?"

யானை கடலுக்குள் போவதற்கு யாரும் நோட்டீஸ் அடிக்க மாட்டார்கள் என்று செல்விக்குத் தெரியும். ஆனாலும் சர்க்கஸ் பெட்டியை எடுத்துத் தேடினாள். கூடங்குளத்தில் நடந்த சர்க்கஸ் ஒன்றின் நோட்டீஸ்கள் இருந்தன. புலி, மோட்டார் சைக்கிள் சாகசம், பந்து விளையாடும் யானை. அவற்றோடு கையகலத்தில் அவசரமாக அடித்த ஒரு துண்டு நோட்டீஸும் இருந்தது. 'தவிர்க்க முடியாத காரணத்தால் இன்றைய ஆட்டத்தில் யானை கலந்துகொள்ளாது.'

மீரான் அதை இரண்டு முறை வாசித்தார். "ஏன் கலந்துக்கிடல? அதைச் சொல்லலியே!"

"அதான் பாய் எனக்கும் தெரியணும்" என்றாள் செல்வி.

அந்த வாரமே அவள் கூடங்குளம் போனாள். மீரான் மூன்று பெரியவர்களிடம் அழைத்துப் போனார். ஒருவர், யானை கடலில் நின்றது உண்மை, தான் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்ததாகச் சொன்னார். இன்னொருவர், யானை கடலுக்கே போகவில்லை, ஒரு வண்டிப் பனம்பழத்தைத் தின்றுவிட்டு வயிறு கெட்டுப் படுத்துவிட்டது என்று அடித்துச் சொன்னார். மூன்றாமவர் சர்க்கஸ் வந்ததே இல்லை என்றார். மீரான் அவரிடம் கோபித்துக்கொண்டார். செல்வி மூன்றையும் பதிவு செய்து, துண்டு நோட்டீஸின் கோப்பில் சேர்த்தாள்.

அறக்கட்டளை அவளை ஆவணக் காப்பாளராக நிரந்தரமாக்கியது. வெள்ளத்தில் நனைந்த பள்ளிக்கூடப் பதிவுகளும், ஒரு சர்ச்சின் ஞானஸ்நானப் புத்தகங்களும், பள்ளிவாசல் ஒன்றின் நூல்களும் அவளைத் தேடி வந்தன. கைக்கு அடங்காதவை மீரானிடம் போயின. மழைக்காலம் வந்தால் குளிர் அறையில் ஒரு மூலையைக் காலி செய்து 'பேப்பர்' என்று எழுதி வைக்கிறார் அவர். அம்மா மாப்பிள்ளை வீட்டாரிடம், மகள் ஆஸ்பத்திரி மாதிரி ஒன்று நடத்துகிறாள், ஆனால் தாளுக்கு என்று விளக்கிப் பார்க்கிறாள். அவர்கள் புரிந்ததுபோல் தலையாட்டுகிறார்கள். சுடலையாண்டி நூலகத்துக்கு உயரமான இரும்புக் கால்களோடு அடுக்குகள் செய்து கொடுத்தார். தண்ணீர் வந்தாலும் ஏறாது என்றார். எவ்வளவு தண்ணீர் என்று மகள் கேட்டதற்கு, "அது ஆத்தைக் கேளு" என்றார்.

போன மாதம் கெசியா யானைக் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"ஏ செல்வி, மூணுல எதுதான் உண்மை?"

"தெரியலக்கா. அந்த சர்க்கஸ்ல வேலை பாத்த ஒருத்தர் உவரியில இருக்காராம். நடமாட்டம் இல்ல, ஆனா பேச்சு தெளிவா இருக்காம். சனிக்கிழமை போயிட்டு வாரேன்."

"எத்தனை மணிக்குக் கிளம்புத?"

"ஏன்கா?"

"நானும் வாரேன்" என்றார் கெசியா, கோப்பை மூடாமலே.